முயலுக்குக் குச்சித் தீவனம் (பெல்லட்) தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லும் அளவுகள் தமிழ்நாட்டில் கறிக்காக வளர்க்கும் நடுத்தர, பெரிய இன முயல்களுக்கானவை. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்றவையும் அவற்றின் கலப்பினங்களும் இதில் அடங்கும். வளர்ந்த முயல் 4 முதல் 5 கிலோ எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வளர்ப்பு முயல் பற்றிய கேள்வி கடைசியில் இருக்கிறது.

மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நார்ச்சத்தை. பெரும்பாலானோர் புரதத்தைப் பார்த்து, கூடுதலாக இருப்பதை வாங்குகிறார்கள். முயல் பண்ணையில் பணம் போவது அங்கேதான் தொடங்குகிறது. புரதம் ஒரு சதவீதம் குறைந்தால் குட்டி சில நாள் தாமதமாக எடை போடும், அவ்வளவுதான். நார்ச்சத்து குறைந்தால் குட்டி செத்துப்போகும்.

கச்சா நார், அதாவது ஆய்வகத்தில் அளந்து சீட்டில் போடும் நார்ச்சத்து, குறைந்தது 14% இருக்க வேண்டும். 15, 16 இருந்தால் இன்னும் நல்லது. காரணம் முயலின் குடல் அமைப்பு. பெருங்குடலின் தொடக்கத்தில் உணவு இரண்டாகப் பிரிகிறது. கரடுமுரடான நார் வேகமாக வெளியேறி உருண்டைப் புழுக்கையாகிறது. நுண்ணிய துகளும் நீரும் திரும்பிப் போய், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள குடல்பையில் சேர்ந்து நொதிக்கின்றன. குடலை அசைத்துக்கொண்டே இருப்பது அந்தக் கரடு நார்தான். அது குறைந்து மாவுச்சத்து கூடினால் குடல் மந்தமாகும். மிச்ச மாவு குடல்பையில் தேங்கும். கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சை உண்டாக்கும். வயிறு உப்பி, சளி போலக் கழிந்து, ஓரிரு நாளில் குட்டி போய்விடும்.

சீட்டில் ஒரு பொடிவைப்பு உண்டு. நம்மூர்த் தீவன மூட்டைகளில் நார்ச்சத்துக்கு “அதிகபட்சம்” என்றே அச்சிடுவார்கள். மாடு, கோழிக்கு நார் அதிகமானால் தரம் குறைவு என்ற கணக்கில் வந்த வழக்கம் அது. “கச்சா நார் அதிகபட்சம் 14%” என்றால் உள்ளே 8% கூட இருக்கலாம், அப்போதும் சீட்டு பொய் சொன்னதாகாது. முயலுக்கு நமக்குத் தேவை “குறைந்தபட்சம்”. சீட்டில் அது இல்லையென்றால் விற்பவரிடம் உண்மையான அளவைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் ஆய்வகத்தில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

அப்படியானால் புரதம் எவ்வளவு?

வளரும் குட்டிக்கு 16%. பால் கொடுக்கும் தாய்க்கு 17 முதல் 18%. சும்மா இருக்கும் ஆண் முயலுக்கும், சினையும் பாலும் இல்லாத வறட்டுப் பெண் முயலுக்கும் 12 முதல் 14% போதும்.

சிறு பண்ணையில் இரண்டு மூன்று வகைத் தீவனம் வாங்கி வைப்பது நடக்காத காரியம். 16 முதல் 17% புரதமுள்ள ஒரே தீவனத்தை வாங்கி, அளவை மட்டும் மாற்றிப் போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். 18%-க்கு மேல் போனால் பயனில்லை. மிச்சப் புரதம் அம்மோனியாவாகச் சிறுநீரில் வெளியேறும். கொட்டகையில் கண் எரியும். முயலுக்குத் தும்மல், சளி வரும்.

புரதம் எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சோயா புண்ணாக்கும் குதிரை மசால் போன்ற பயறுவகைத் தழைகளும் நல்லவை. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு. அது அதிகம் சேர்ந்த தீவனத்தை இனப்பெருக்க முயல்களுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

மற்ற சத்துகள்?

கொழுப்பு 2 முதல் 4%. சுண்ணாம்புச்சத்து குட்டிக்கு 0.4 முதல் 0.8%, பால் தரும் தாய்க்கு 1.1 முதல் 1.2%. பாஸ்பரஸ் 0.4 முதல் 0.6%. உப்பு 0.5%. ஈரப்பதம் 12%-க்கு மேல் இருக்கக் கூடாது. எரிசக்தி கிலோவுக்கு 2,400 முதல் 2,600 கிலோ கலோரி.

முயல் தேவைக்கு மேல் உள்ள சுண்ணாம்பையும் உறிஞ்சிச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக இருப்பது இயல்பு. கூண்டுக்கடியில் சுண்ணாம்பு அடித்தது போல் கெட்டியாகப் படிந்தால் தீவனத்தில் சுண்ணாம்பு கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தீவனத்தில் வைட்டமின் சேர்த்திருந்தால், மேலே தனியாக வைட்டமின் மருந்து ஊற்ற வேண்டாம். ஏ, டி இரண்டும் மிஞ்சினால் கெடுதல். டி அதிகமானால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது. அதையே போடலாமா?

கூடாது. பிராய்லர் தீவனத்தில் புரதம் 20%-க்கு மேல், நார் 5%-ஐ ஒட்டி, மீதி பெரும்பாலும் மக்காச்சோள மாவு. மேலே சொன்ன குடல் கோளாறுக்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடையாது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்பு 3.5 முதல் 4% வரை இருக்கும். முயலின் தேவைக்கு அது பல மடங்கு.

அதைவிட ஆபத்தானது அதில் கலந்திருக்கும் மருந்து. கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கப் பிராய்லர் தீவனத்தில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்துகள் சேர்ப்பது வழக்கம். அவற்றில் நராசின், மோனென்சின், மதுராமைசின் ஆகியவை முயலுக்கு நஞ்சு. சாலினோமைசின் கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி. அளவில் முயலுக்குப் பயன்படுத்தக் கூடியதுதான். ஆனால் கோழித் தீவனத்தில் அது 60 மி.கி.யை ஒட்டி இருக்கும், அந்த அளவு முயல் தாங்காது. தீனி எடுக்காமை, பின்னங்கால் தளர்ச்சி, பிறகு இறப்பு என்று போகும். லின்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து கழிச்சல் வரும்.

முயல் தீவனமே வாங்கினாலும் இந்த ஆபத்து முழுதும் நீங்கிவிடாது. ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் கோழித் தீவனம் ஓட்டிய கையோடு முயல் தீவனம் ஓட்டினால் முதல் சில மூட்டைகளில் பழைய மருந்து கலந்து வரும். இடையில் தவிடு ஓட்டிச் சுத்தம் செய்கிறார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

மாட்டுத் தீவனம்?

கோழித் தீவனம் அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் பொருந்தாது. சில மாட்டுத் தீவனங்களில் யூரியா சேர்ப்பார்கள். மாட்டின் முதல் வயிற்றுக் கிருமிகள் அதைப் புரதமாக்கும். முயலுக்கு அந்த வசதி இல்லை, அம்மோனியா ஏறி ஈரலும் சிறுநீரகமும் கெடும். குச்சியும் 8 மி.மீ. தடிமன் இருக்கும். முயல் ஒரு கடி கடித்து மீதியைக் கீழே தள்ளிவிடும்.

குச்சியின் அளவு அவ்வளவு முக்கியமா?

ஆம். விட்டம் 3 முதல் 4 மி.மீ., நீளம் 8 முதல் 10 மி.மீ. தடிமன் 5 மி.மீ. தாண்டினால் சேதாரம் கூடும். 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் முயல் தின்பது குறையும்.

கடினத்தைக் கையால் பார்க்கலாம். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் நொறுங்கக் கூடாது. நகத்தால் ஒடித்தால் ஒடிய வேண்டும்.

கடையிலேயே மூட்டையைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. வாங்கும் முன் நான்கு விஷயங்கள் பாருங்கள்.

முதலில் தேதி. தயாரித்து ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. தேதியே இல்லாத மூட்டை வேண்டாம்.

அடுத்து வாசனை. பசுந்தழை காய்ந்த வாசமோ, தவிட்டு வாசமோ, வெல்லப்பாகின் லேசான இனிப்பு வாசமோ வரலாம். சிக்கெடுத்த எண்ணெய் நாற்றமும் பூஞ்சை நெடியும் வரக் கூடாது. கையை மூட்டையின் நடுவரை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாகவோ கட்டிகட்டியாகவோ இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

மூன்றாவது தூள். மூட்டையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கிலோ எடுத்து, 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் தூள் 30 கிராமுக்குள் இருந்தால் நல்ல தீவனம். 50 கிராம் தாண்டினால் விலையில் 5% கழித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம், ஏனென்றால் முயல் தூளைத் தின்னாது. அது மூக்கில் ஏறித் தும்மலைத்தான் கொண்டுவரும்.

நான்காவது தண்ணீர்ச் சோதனை. ஒரு கண்ணாடி டம்ளரில் ஒரு கைப்பிடி குச்சியைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். கரைந்ததும் கலக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் தழை, தண்டு, உமிநார்த் துணுக்குகள் நிறைய இருக்க வேண்டும். எல்லாம் மைய அரைத்த கஞ்சியாகிவிட்டால், சீட்டில் நார் எவ்வளவு எழுதியிருந்தாலும் பலன் குறைவு, 0.3 மி.மீ.க்குக் குறைந்த துகள் கரடு நாராக வேலை செய்யாது, குடல்பைக்குள் போய்விடும். டம்ளரின் அடியில் மணல் படிகிறதா என்றும் பாருங்கள். மலிவான அரிசித் தவிடும் கழுவாத கடலைக்கொடியும் சேர்ந்தால் மணல் தெரியும்.

ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

மாதம் நூறு கிலோவுக்கு மேல் வாங்குபவர், புதுக் கம்பெனிக்கு மாறும்போது ஒரு தடவையாவது பார்ப்பது நல்லது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. ஐந்தாறு மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைப் புதிய பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதியும் கம்பெனிப் பெயரும் எழுதி அனுப்புங்கள். ஒரே மூட்டையின் மேல்பகுதியை மட்டும் அள்ளினால் முடிவு ஏமாற்றும்.

கேட்க வேண்டியவை: ஈரப்பதம், கச்சா புரதம், கச்சா நார், மணல், அஃப்லாடாக்சின். கடைசியை விட்டுவிடாதீர்கள். கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சையின் நஞ்சு அது. பண்ணை விலங்குகளில் முயல் அதற்கு மிக எளிதில் பலியாகும். 20 பிபிபி-க்குக் (நூறு கோடியில் 20 பங்கு) கீழே இருக்க வேண்டும், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவது?

பசுந்தழையும் சேர்த்துக் கொடுக்கும் பண்ணையில்:

வளர்ந்த ஆண் முயல்: குச்சி 100 கிராம், தழை 250 கிராம்.
வறட்டுப் பெண் முயல்: குச்சி 100 கிராம், தழை 300 கிராம்.
சினை முயல், குட்டி ஈன்ற முதல் சில நாள்: குச்சி 150 கிராம், தழை 150 கிராம்.
தாயிடமிருந்து பிரித்த குட்டி: குச்சி 50 முதல் 75 கிராம், தழை 150 கிராம்.

ஆறேழு குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 150 கிராம் போதவே போதாது. ஈன்ற மூன்றாம் நாளிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டாம் வார முடிவில் தின்னும் அளவுக்கு விட்டுவிடுங்கள். குச்சி மட்டுமே கொடுத்தால் 300 கிராமுக்கு மேலும் தின்னும். மூன்றாம் வாரத்தில் குட்டிகளும் அதே தட்டில் வாய் வைக்கத் தொடங்கும்.

வறட்டு முயலுக்குக் கணக்கில்லாமல் போடுவதுதான் சினை பிடிக்காமைக்கு நாம் அடிக்கடி பார்க்கும் காரணம். முதுகெலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாமல் வழுவழுவென்று போனால் குச்சியை 20 கிராம் குறையுங்கள்.

தழை கண்டிப்பாக வேண்டுமா? குச்சி மட்டும் போதாதா?

நார் சரியாக உள்ள முழுமையான தீவனமென்றால் அது மட்டும் போதும். ஆனால் நம்மூரில் விற்பதில் பாதிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆகவே குதிரை மசால், வேலி மசால், முயல் மசால், அகத்தி, கல்யாண முருங்கை, கம்பு நேப்பியர் புல் ஆகியவற்றில் இரண்டு மூன்றைக் கலந்து கொடுங்கள். தழை பறித்து இரண்டு மணி நேரமாவது நிழலில் வாட வேண்டும். பனி ஈரத்தோடும் மழை ஈரத்தோடும் போடக் கூடாது. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு உண்டு. மொத்தத் தழையில் கால்பங்குக்கு மேல் வேண்டாம், முடி உதிரும்.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு எப்படி மாறுவது?

பத்து நாளில். முதல் மூன்று நாள் கால்பங்கு புதியது, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுதும். பழையது தீரும்வரை காத்திருந்து ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் வரும். அப்போது குற்றம் புதுக் கம்பெனியின் மேல் விழும், உண்மையில் தவறு மாற்றிய வேகத்தில்.

குட்டியைப் பிரித்த இரண்டு வாரத்துக்குள் வரிசையாகச் சாகிறது. தீவனம்தான் காரணமா?

பாதி நேரம் தீவனம், பாதி நேரம் காக்சிடியோசிஸ் என்ற காக்சிடியா நோய். பெரும்பாலும் இரண்டும் கைகோத்து வரும்.

28 முதல் 35 நாளில் பால் நின்று குச்சிக்கு மாறும் நேரம் அது. மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் குட்டிக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது. பிரித்த அன்றே தட்டை நிரப்பி வைத்தால் பசியில் அளவு தெரியாமல் தின்னும். முதல் இரண்டு வாரம் அது தின்னக்கூடியதில் முக்கால் பங்கை மட்டும் கொடுங்கள். காலை கொஞ்சம், மாலை மீதி. உலர்ந்த புல் எப்போதும் இருக்கட்டும். 1990களின் இறுதியில் குடல்நோயால் பெரிய இழப்பைக் கண்ட பிரான்ஸ் நாட்டுப் பண்ணைகளில் இப்படித் தீனியைக் கட்டுப்படுத்துவது இன்று வழக்கமான முறை. கொஞ்சம் தாமதமாகும் எடையை முயல் பின்னால் ஈடுகட்டிவிடும். தாயிடம் இருக்கும்போது தின்ற அதே தீவனத்தையே பிரித்த பிறகும் தொடருங்கள்.

இவ்வளவும் செய்து, இன்னும் சாவு நிற்கவில்லையென்றால் செத்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் காக்சிடியாவாக இருக்கலாம், புழுக்கைச் சோதனை அதை உறுதிப்படுத்தும். அதற்குத் தீவனத்தை மாற்றி மட்டும் பயனில்லை.

காக்சிடியா மருந்து சேர்த்த முயல் தீவனம் வாங்கலாமா?

முயலுக்கென்றே அளவிட்டுச் சேர்த்ததாக இருந்தால் வாங்கலாம், குறிப்பாக மழைக்காலத்தில் குட்டிகளுக்கு. மருந்தின் பெயரும் அளவும் சீட்டில் இருக்க வேண்டும். கறிக்கு அனுப்புமுன் குறைந்தது ஐந்து நாள் மருந்தில்லாத தீவனம் கொடுங்கள். சீட்டில் அதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால் அதன்படி.

சொந்தமாகத் தயாரிக்க ஒரு கலவை சொல்லுங்கள்.

100 கிலோவுக்கு:

காய்ந்த குதிரை மசால் அல்லது வேலி மசால் தூள் 30 கிலோ
கோதுமைத் தவிடு 25
மக்காச்சோளம் 15
சோயா புண்ணாக்கு 10
எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 10
காய்ந்த கடலைக்கொடி 5
வெல்லப்பாகு 3
தாது உப்புக் கலவை 1.5
சமையல் உப்பு அரைக் கிலோ

பொருள்கள் சராசரித் தரத்தில் இருந்தால் புரதம் 16 முதல் 17%, நார் 14%-ஐ ஒட்டி வரும். கடலைப் புண்ணாக்கை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, பூஞ்சை நஞ்சு பயம்தான். பச்சைச் சோயாவை அரைத்துப் போடாதீர்கள். வறுக்காத சோயா செரிமானத்தைத் தடுக்கும்.

அரைக்கும்போது 3 மி.மீ. சல்லடைக்குக் கீழே போக வேண்டாம். தாது உப்பையும் சமையல் உப்பையும் இரண்டு கிலோ தவிட்டில் முன்கூட்டியே கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்த்தால்தான் சீராகப் பரவும். பெல்லட் இயந்திரத்திலிருந்து குச்சி சூடாக வரும். நிழலில் பரப்பி, முழுதும் ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். சூட்டோடு கட்டிய மூட்டை ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும். மாதம் 200, 300 கிலோ தேவையுள்ளவருக்கு இந்த உழைப்பு கட்டுப்படியாகும். பத்து முயல் வைத்திருப்பவர் வாங்குவதே மேல்.

விலை மலிவானதா, தரமானதா? எப்படிக் கணக்குப் போடுவது?

கிலோ விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கிலோ எடை ஏறத் தீவனத்துக்கு எவ்வளவு செலவானது என்று பாருங்கள். பத்துக் குட்டிகளை எடை போட்டு, மூன்று வாரம் போட்ட தீவனத்தைக் குறித்து, சேதாரத்தையும் சேர்த்து, மறுபடி எடை போடுங்கள். போட்ட தீவனத்தை ஏறிய எடையால் வகுத்தால் வருவது மாற்று விகிதம். நல்ல குச்சியில் இது 3.5-ஐ ஒட்டி வரும். நம்மூர் வெயிலில் 4 வந்தாலும் பரவாயில்லை.

கணக்குக்காக: கிலோ 30 ரூபாய்த் தீவனம் 5 விகிதம் என்றால் ஒரு கிலோ எடைக்கு 150 ரூபாய். 36 ரூபாய்த் தீவனம் 3.8 என்றால் 137 ரூபாய்க்குக் கீழே. சாகும் குட்டியின் கணக்கு இதில் இன்னும் சேரவில்லை.

நல்ல தீவனம்தான், ஆனால் முயல் தின்ன மாட்டேன் என்கிறது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் வரும் நிப்பிள் குழாய் அடைத்திருந்தால் தீவனம் அப்படியே கிடக்கும். ஒரு கிலோ குச்சி தின்ன முயலுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும், கோடையில் இன்னும் கூடுதல். தண்ணீர் சரியென்றால் பூஞ்சை, பிறகு வெப்பம். கொட்டகையில் 30 டிகிரி தாண்டினால் தீனி எடுப்பது இறங்கும். முயல் பெரும்பகுதியை இரவில்தான் தின்னும், ஆகவே மூன்றில் இரண்டு பங்கை மாலை ஆறு மணிக்குமேல் வையுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு முயல் மட்டும் தின்னவில்லையென்றால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், கோணலாக நீண்டிருக்கலாம்.

கூண்டுக்கடியில் திராட்சைக் கொத்து போல மென்மையான, பளபளப்பான புழுக்கை கிடக்கிறது. நோயா?

இல்லை. இது முயல் இரவிலும் அதிகாலையிலும் தன் வாயாலேயே எடுத்துத் தின்ன வேண்டிய புழுக்கை. பி வைட்டமின்களும் கிருமிப் புரதமும் அதில் உண்டு. தினமும் மிச்சமாகிக் கீழே கிடந்தால் தீவனத்தில் புரதமோ மாவோ கூடுதல், அல்லது முயல் கொழுத்துக் குனிய முடியாமல் இருக்கிறது. குச்சியைக் குறைத்து உலர்ந்த புல்லைக் கூட்டுங்கள். ஒன்றையொன்று முடி கடித்துத் தின்பதும் பெரும்பாலும் நார்ப்பற்றாக்குறைதான்.

எவ்வளவு நாள் சேமிக்கலாம்?

ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள், ஐப்பசி கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு. தரையிலிருந்து அரையடி உயர மரப்பலகையில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். எலி ஏறிய மூட்டையை முயலுக்குப் போடாதீர்கள். பூசணம் பிடித்த மூட்டையை வெயிலில் காயவைத்துப் போடும் வழக்கம் உண்டு. பூஞ்சை காயும், நஞ்சு போகாது. உரக்குழியில் கொட்டிவிடுங்கள்.

வீட்டில் ஆசைக்கு வளர்க்கும் முயலுக்கும் இதே தீவனமா?

இதே போன்ற குச்சிதான், ஆனால் நார் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும், அளவு மிகக் குறைவு. வளர்ந்த முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம், அதற்குமேல் வேண்டாம். அது எடை போட வேண்டியதில்லை, பல ஆண்டு வாழ வேண்டும். வயிற்றை நிரப்ப உலர்ந்த புல்லே முக்கிய உணவு. விதை, வண்ண உருண்டை, உலர்பழம் எல்லாம் கலந்து விற்கும் அழகான பொட்டலங்களை வாங்காதீர்கள். இனிப்பைப் பொறுக்கித் தின்றுவிட்டு நார் உள்ளதை ஒதுக்கிவிடும். ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் இருக்கும் பச்சைக் குச்சியில் நார் 18%-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.